பாட்டி வீட்டை இடிப்பதா, எடுத்துக் கட்டுவதா? புல்வாருக்குள் ஒரு தமிழ் வீடு

கொல்லைக்கதவு

வணக்கம். இங்கே வெகுநாளாக வாசகன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

புதுச்சேரி புல்வாருக்குள் (பழைய நகரைச் சுற்றி ஓடும் சாலைக்குள்), பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, அம்மாவைப் பெற்ற பாட்டியின் வீடு இருக்கிறது. முகப்பு 22 அடி, நீளம் 110 அடி. தெருவை ஒட்டித் தாழ்வாரம், திண்ணை, ரேழி, முற்றம், இரண்டாங்கட்டு, கிணறு, கொல்லை. எனக்குத் தெரிந்து அறுபது வருடமாகப் பெரிய மராமத்து எதுவும் நடக்கவில்லை. முற்றத்துக்கு வடக்கே உள்ள அறையில் மழைக்காலம் வந்தால் ஏழு பாத்திரம் வைக்கிறோம். கழிப்பறை கொல்லையில். அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டன. ராத்திரியில் டார்ச்சோடு 90 அடி நடக்கிறாள்.

பங்காளிகள் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் பிரான்சில். போன மாதம் ஒரு கட்டுமானக்காரர் வந்து பார்த்தார். முகப்பில் 12 அடியை அப்படியே நிறுத்திவிட்டு, பின்னால் மொத்தத்தையும் இடித்து அறைகள் போட்டு விடுதியாக்கலாம் என்கிறார். அவர் சொன்ன வாசகம் இன்னும் காதில் இருக்கிறது: "முன்னாடி பாரம்பரியம், பின்னாடி வருமானம் சார்."

எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் அந்த ஏழு பாத்திரத்தையும் நான்தானே எடுத்து ஊற்றுகிறேன்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டையான்

தம்பி, கொடுத்துவிடுங்கள். நான் பத்து வருடம் முன்னால் கொடுத்தேன். இப்போது நான் இருக்கும் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது, கார் நிற்க இடம் இருக்கிறது, ஒழுகல் இல்லை. பழைய வீடு அழகு என்று சொல்கிறவர்கள் எல்லாம் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவர்கள்தான். ஒரு ஐப்பசி முழுக்கத் தங்கச் சொல்லுங்கள், தெரியும்.

சுண்ணாம்புவாளி

பழைய வீட்டு மராமத்தில் பதினெட்டு வருடமாக மேற்பார்வை வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த வடக்கு அறைச் சுவரில் எப்போதாவது சிமென்ட் பூசினீர்களா? கீழே மூன்று நான்கு அடி உயரத்துக்குப் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி உதிர்கிறதா? அப்படியானால் உங்கள் நோய் பாதி கூரையில், பாதி அந்த சிமென்ட்டில்.

இந்த ஊர் கடற்கரை ஊர். மண்ணில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. பழைய செங்கல் அதை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே விடும். நாம் சிமென்ட்டை அப்பி அந்த வழியை அடைத்துவிடுகிறோம். ஈரம் வெளியே வரமுடியாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். ஏறி எங்கே போகும்? மரக்கட்டை சுவருக்குள் செருகியிருக்கும் இடத்துக்கு. கட்டையின் நடுப்பகுதி நூறு வருடமானாலும் இரும்பு மாதிரி இருக்கும். சுவருக்குள் இருக்கும் ஒன்பது அங்குலம் மட்டும் பஞ்சாகிவிடும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

மெட்ராஸ் டெரஸ் என்கிறோமே, இந்தப் பழைய வீடுகளின் தட்டைக் கூரை, அது எப்படி நிற்கிறது என்று இன்று பல பொறியாளர்களுக்கே தெரிவதில்லை. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் குறுக்கே சின்னச் செங்கல்லைச் சாய்வாக, செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் சாரமோ பலகையோ கிடையாது. ஒட்டின கல் அந்தரத்தில் நிற்கும். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். அடியின் சத்தம் மாறும்போது தளம் இறுகிவிட்டது என்று அர்த்தம். கடைசியில் தட்டோடு. ஒழுகுகிறது என்றால் பெரும்பாலும் மேலே இருக்கும் அந்தத் தட்டோடும் தண்ணீர் ஓடும் வாட்டமும் கெட்டிருக்கும். அதற்காக வீட்டை இடிப்பது, பல்வலிக்குத் தலையை எடுப்பது.

உங்கள் கட்டுமானக்காரர் சொல்வது பொய்க்கால் குதிரை. முன்னால் குதிரை, உள்ளே வேறு ஆள்.

முத்தியால்பேட்டையான்

வாளி அண்ணே, எல்லாம் சரி. செலவைச் சொல்லுங்கள் முதலில். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

சுண்ணாம்புவாளி

குறைவுதான், மறுக்கவில்லை. நல்ல ஆள் கிடைக்க இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் மூன்று மாடி புதிதாகக் கட்டும் செலவோடு ஒரு கூரை மராமத்தை ஒப்பிட்டு "பழசுதான் செலவு" என்று சொல்லாதீர்கள்.

செல்வி வரைபடம்

நகரத் திட்டமிடல் என் தொழில். தனி வீட்டை விட்டுவிட்டுத் தெருவைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன்.

பாண்டி என்றவுடன் எல்லாரும் மஞ்சள் சுவர், போகன்வில்லா, கடற்கரைப் பக்கம் என்றுதான் நினைக்கிறார்கள். 1761இல் ஆங்கிலேயர்கள் இந்த ஊரைப் பிடித்து, அந்தக் கடற்கரைப் பக்கத்து வெள்ளை நகரத்தை, அதாவது ஐரோப்பியர் குடியிருந்த பகுதியை, தரைமட்டமாக்கினார்கள். 1763 உடன்படிக்கைக்குப் பிறகுதான் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி, அந்தப் பகுதி மறுபடி எழும்பியது. ஆனால் ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு அதற்கு முன்பே, 1730களிலேயே கட்டப்பட்டது. இன்றும் நிற்கிறது. கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சுத் தூண். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷி, மொழிபெயர்ப்பாளர், வேறெப்படிக் கட்டுவார்! ஆக, சுற்றுலாக்காரர் படம் பிடிக்கும் பக்கத்தைவிடப் பழைய வீடு நாம் மோட்டார் சைக்கிளில் கடந்துபோகும் பக்கத்தில் இருக்கிறது. தெருக்களின் இந்த நேர்க்கோடுகூட 1693இலிருந்து 1699வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டத்திலிருந்து வந்ததுதான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இந்த ஊரே கலந்து கட்டின ஊர். ஆகவே "எதையும் தொடாதே" என்பது பாரம்பரியமே இல்லை. ரங்கப்பிள்ளை காலத்தில் அந்த மேல்மாடித் தூண்கள்தான் புதுமை.

வைசியாள் வீதியில் 2002 முதல் 2004வரை நடந்த வேலையைப் போய்ப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டம். இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்னெவ்-சுர்-லோவும் கூட்டாளி நகரங்கள், இங்கே முன்னின்று செய்தது இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு. மறைந்துபோன தாழ்வாரங்களைத் திரும்ப எழுப்பினார்கள். ஒரு வீட்டை மட்டும் பார்க்காமல் தெருவின் ஒரு துண்டையே எடுத்துக்கொண்டதுதான் அதில் எனக்குப் பிடித்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. ஆனால் அங்கேயும் வேலை பெரும்பாலும் முகப்போடு நின்றது. உள்ளே வீட்டுக்காரர் பாடு வீட்டுக்காரரோடு.

கொல்லைக்கதவு

வாளி அண்ணே, சிமென்ட் பூசினது நான்தான். 2009இல். அம்மா வேண்டாம் என்றாள், "எல்லாரும் பூசுகிறார்கள்" என்று நான் கேட்கவில்லை. அப்பளம் மாதிரிதான் உதிர்கிறது.

வானரப்பேட்டை

எல்லாரும் திண்ணை, தாழ்வாரம் என்று உருகுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், மன்னிக்கவும்.

என் தாத்தா பெரிய மார்க்கெட்டில் மூட்டை சுமந்தவர். இந்த வீதிகளில் வீட்டுக்கு வீடு அரிசி மூட்டை இறக்கியிருக்கிறார். ஒரு திண்ணையிலும் உட்கார்ந்ததில்லை. தண்ணீர் கேட்டால் கொல்லைப் பக்கம் வரச் சொல்வார்களாம். உங்கள் பெயர் கொல்லைக்கதவு என்று இருப்பதால் சொல்கிறேன். வீதியின் பெயரிலேயே எந்தச் சாதி குடியிருந்தது என்று எழுதியிருக்கிற ஊர் இது. "வழிப்போக்கருக்குத் திண்ணை" என்று சுற்றுலாப் பலகையில் போடும்போது எந்த வழிப்போக்கர் என்றும் போடுங்கள்.

இடித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. பாதுகாப்பதற்குப் பொதுப்பணம் கேட்கிறீர்களே, புல்வாருக்கு வெளியே எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் வடிய வழி கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். அந்தக் கணக்கையும் இந்த இழையில் யாராவது பேச வேண்டும்.

கொல்லைக்கதவு

மன்னிப்பு எதற்கு? உண்மைதான். எங்கள் வீட்டுக் கொல்லைக்கதவு ஒரு சந்தில் திறக்கும். அந்தச் சந்துக்குப் பாட்டி ஒரு பெயர் வைத்திருந்தாள். அதை இங்கே எழுத முடியாது. சின்ன வயதில் அந்தக் கதவு வழியாகத்தான் நான் விளையாட ஓடுவேன், அதனால் இந்தப் பெயர். வேறு யாருக்கு அது என்னவாக இருந்தது என்று இன்றுவரை யோசித்ததில்லை.

முத்தியால்பேட்டையான்

விஷயத்துக்கு வருவோம். செல்வியம்மா, சட்டம் என்ன சொல்கிறது? என் வீட்டை நான் இடிக்கக் கூடாது என்றால், அரசு எனக்கு என்ன தரும்? பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் பெயர் ஏறினால் விலை இறங்குகிறது, அதுதான் நடைமுறை. அதனால்தான் பட்டியல் வருகிறது என்று காற்றுவாக்கில் செய்தி வந்தாலே ராத்திரியோடு ராத்திரியாக ஜேசிபி வருகிறது.

செல்வி வரைபடம்

அந்தக் கடைசி வரிதான் பிரச்சினையின் வேர். 1990களில் கணக்கெடுத்தபோது பாரம்பரியக் கட்டடங்கள் சுமார் 1800 என்று வந்தது. அதில் பெரிய பங்கு இன்று இல்லை. தடை மட்டும் போட்டால் ஆள் தூங்கும் நேரத்தில் இடிப்பார்கள். அல்லது இடிக்காமல் கூரையில் ஒரு ஓட்டையைப் போட்டு மழையிடம் ஒப்படைத்துவிடுவார்கள்.

அரசு மட்டும் ஒழுங்கா? மேரி கட்டடம் ஞாபகம் இருக்கிறதா? கடற்கரைச் சாலையில் 140 வருடம் நின்ற நகராட்சிக் கட்டடம். 2014 நவம்பர் 29, மழை, அப்படியே உட்கார்ந்துவிட்டது. உலக வங்கி உதவியோடு அதே சாயலில் திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். செலவு ஏறக்குறைய 15 கோடி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இடிவதற்கு முன்பே கூரையையும் சுவரையும் கவனித்திருந்தால் அதில் எத்தனையில் ஒரு பங்கு ஆகியிருக்கும்?

மும்பையில் 1995இலேயே பாரம்பரியக் கட்டடங்களுக்கு விதிமுறை வந்தது. அதில் ஒரு நல்ல யோசனை உண்டு. உங்கள் மனையில் மூன்று மாடி கட்டும் உரிமை இருக்கிறது, ஆனால் பழைய வீட்டுக்காகக் கட்டாமல் விடுகிறீர்கள். அந்தக் கட்டாத மாடியின் உரிமையை வேறு இடத்தில் கட்டுகிறவருக்கு விற்கலாம். டி.டி.ஆர். என்பார்கள். அகமதாபாத் பழைய நகரத்தில் போள் என்னும் குறுகிய தெருக்களில் இருக்கும் வீடுகளுக்கும் இது உண்டு. இந்தியாவிலேயே முதல் நகரமாக அது 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இங்கேயும் அப்படி ஒன்று இருந்தால் கொல்லைக்கதவு குடும்பத்தில் ஐந்து பேருக்கும் கையில் காசு வரும், வீடும் நிற்கும். ஆனால் அந்த உரிமையை வாங்க ஊருக்கு வெளியே ஆள் வேண்டும், கணக்கு நேர்மையாக நடக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் காகிதம்.

சொல்தா பேரன்

பாரிசுக்கு வெளியே இருக்கிறேன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் ஊரில் எங்கள் வீட்டுக்குச் 'சொல்தா வீடு' என்றே பெயர்.

கொல்லைக்கதவு, பிரான்சில் இருக்கும் உங்கள் பங்காளிகளிடம் முதலில் போனில் பேசுங்கள். வாட்சப்பில் வேண்டாம், பேசுங்கள். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மாமா ஒருவர் நம்பிக்கையில் ஒரு ஆளுக்குப் பவர் எழுதிக் கொடுத்தார். அடுத்த கோடையில் நாங்கள் வந்தபோது தெருவில் நின்று வீட்டைத் தேடினோம். ஒரு பல் பிடுங்கின வாய் மாதிரி இடம் காலியாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா கதவுச் சட்டத்திலிருந்து ஒரு யாளிப் பலகையை எடுத்து வைத்திருந்தார். அது இப்போது என் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் எங்கே வாங்கினாய் என்கிறார்கள்.

பினாங்குக்காரன்

ஜார்ஜ் டவுனிலிருந்து எழுதுகிறேன். அப்பா பிறந்தது லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில்.

எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். 1966இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வாடகை ஏறவே ஏறாது, அதனால் முதலாளி ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார். கட்டடம் அழுக்கேறிப்போய்க் கிடந்தது. ஆனால் இடிபடவில்லை, ஆளும் இருந்தார்கள். பூக்கட்டுகிறவர், முடி வெட்டுகிறவர், ஒட்டுக்கடைக்காரர், எல்லாரும். 1999 கடைசியோடு அந்தச் சட்டம் போனது. வாடகை ஏறியது, வீடு வீடாகக் காலி செய்தார்கள். காலியான வீட்டில் சில முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜன்னலை அடைத்துவிட்டுக் குருவி வளர்த்தார்கள், கூட்டை எடுத்துச் சீனர்களின் சூப்புக்கு விற்க. ஆள் இருந்த வீட்டில் ஸ்பீக்கரில் குருவிச் சத்தம்.

2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறினோம். குருவியை விரட்டினார்கள். உயரத்துக்கு 18 மீட்டர் என்று வரம்பு வைத்தார்கள். கட்டடங்கள் பிழைத்தன, அது உண்மை, எனக்கும் பெருமைதான். ஆனால் குருவி போன இடத்துக்கு அப்பா வயதுக்காரர்கள் திரும்பி வரவில்லை. காப்பிக்கடையும் விடுதியும் வந்தன. உங்கள் தாழ்வாரம் மாதிரி எங்களுக்குக் காக்கி லீமா, கடைக்கு முன்னால் ஐந்தடி நடை. மழையில் நனையாமல் தெரு முழுக்க நடக்கலாம் என்பதற்காக வைத்தது. இன்று பாதி இடத்தில் நாற்காலி மேசை, இறங்கி ரோட்டில்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

அதனால் சொல்கிறேன், விடுதி ஆக்குவதாக இருந்தாலும் வீட்டின் ஒரு பகுதியிலாவது வீட்டு ஆள் குடியிருங்கள்.

மார்க்கெட் மாமா

பினாங்குத் தம்பி சொன்னதுதான் பெரிய மார்க்கெட்டிலும் எங்கள் பயம். 2017இல் ஊர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. அப்புறம் மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு. புதுக் கட்டடம் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? மழை பெய்தால் மீன் கடைப்பக்கம் கணுக்கால் தண்ணீர். எங்கள் கேள்வி ஒன்றுதான். கட்டி முடிக்கும்வரை நாங்கள் எங்கே உட்காருவது, முடிந்தபின் அதே ஆள் அதே வாடகையில் உள்ளே வருவானா? கீரை விற்கிற அம்மாவுக்கு அட்டை கிடையாது, ரசீது கிடையாது, தரையில் நாலு சாக்கு அகலம் இடம். வரைபடத்தில் அந்த நாலு சாக்கு எங்கே என்று காட்டச் சொன்னோம். காட்டவில்லை.

முத்தியால்பேட்டையான்

மாமா, அந்த நாலு சாக்கு விஷயத்தில் உங்களோடு நான் இருக்கிறேன். வீட்டு விஷயத்தில் இன்னும் மாறவில்லை. அம்மா ராத்திரி 90 அடி நடக்கிறார்கள் என்று ஆரம்பத்திலேயே எழுதியிருக்கிறார். அதற்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லையே? எல்லாரும் ரங்கப்பிள்ளையிடம் போய்விட்டீர்கள்.

சுண்ணாம்புவாளி

நியாயமான அடி. சொல்கிறேன்.

பழைய வீட்டுக்குள் கழிப்பறை வைக்கிறவர்கள் செய்யும் தப்பு, அதைப் பழைய சுவரோடு ஒட்டி வைப்பது. குழாய் கசியும், சுண்ணாம்புச் சுவர் குடிக்கும், ஐந்து வருடத்தில் கதை முடிந்தது. நாங்கள் செய்வது இப்படி: இரண்டாங்கட்டில் ஓடு இறங்கியிருக்கும் பகுதியை எடுத்துக்கொண்டு, அதற்குள் தனிப் பெட்டி மாதிரி ஒரு புதுக் கட்டடம். இரும்புச் சட்டம், லேசான சுவர், தனி அஸ்திவாரம், பழைய சுவரிலிருந்து கைவிரல் போகும் இடைவெளி. தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லாம் அதற்குள்: கழிப்பறை, குளியல், சமையல் தொட்டி. பின்னால் ஆசைப்பட்டால் அதே பெட்டியில் ஒரு சின்ன லிஃப்ட்கூட நிற்கும். பழையது மாதிரி வேஷம் போட வேண்டியதில்லை, புதிது புதிதாகவே தெரியட்டும். அம்மா படுக்கிற இடத்திலிருந்து 12 அடி. படி கிடையாது.

இன்னொன்று. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருக்கிறதா? அவர்கள் இடிக்கும் எண்ணத்தில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். நான் பார்த்த பாதி விரிசல் வீட்டுக்காரர் செய்ததில்லை, பக்கத்து வீட்டு ஜேசிபி செய்தது. இந்த வீடுகள் பேருந்தில் நெருக்கி நிற்கிறவர்கள் மாதிரி. ஒருத்தரை உருவினால் அடுத்தவர் சாய்வார்.

செல்வி வரைபடம்

வாளி சொன்னதை அப்படியே விதியாக எழுதலாம். முகப்பை மட்டும் பார்க்கும் அனுமதிக்குப் பதிலாக, முற்றம்வரை தொடாதே, அதற்குப் பின்னால் முற்றத்து வெளிச்சத்தை மறைக்காமல் புதிதாகக் கட்டிக்கொள் என்று. இப்போது எல்லாம் தலைகீழாக இருக்கிறது. தெருவில் போகிறவனுக்குத் தெரிவதைக் காப்பாற்றுகிறோம், உள்ளே வாழ்கிறவனுக்குக் காற்று தரும் முற்றத்தை விட்டுவிடுகிறோம்.

கொல்லைக்கதவு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

வாளி அண்ணன் அனுப்பிய கொத்தனார் வந்தார். அறுபதைத் தாண்டினவர். சுத்தியலின் பிடியால் கூரையை மூலைக்கு மூலை தட்டிக்கொண்டே நடந்தார், டாக்டர் முதுகில் தட்டிப் பார்ப்பது மாதிரி. 13 கட்டையில் நான்கின் தலை போய்விட்டது, மற்றது கல்லு மாதிரி என்றார். நான் பூசின சிமென்ட்டைக் கொஞ்சம் செதுக்கினார். உள்ளே பழைய பூச்சு, முட்டை ஓடு மாதிரி வழவழப்பு. அதில் ஒரு மாடக்குழி. நான் அடைத்துப் பூசியிருக்கிறேன். அம்மா எழுந்து வந்து அதற்குள் கையை விட்டுப் பார்த்தாள். "சாவி வைக்கிற இடம்டா" என்றாள்.

பங்காளிகளில் மூன்று பேர் சரி என்றார்கள். லியோனில் இருக்கும் சித்தப்பா யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னொருவர் தன் பங்கைக் காசாகக் கேட்கிறார், அது இன்னும் தீரவில்லை. கட்டுமானக்காரர் தினமும் போன் செய்கிறார். இப்போதைக்குக் கூரையும் அந்தப் பெட்டியும் மட்டும். ஐப்பசிக்கு முன்னால் தளம் முடிய வேண்டும். தளம் அடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

வானரப்பேட்டை

எங்கள் தெருவில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவரும் பாட்டிகள், சின்ன வயதில் தளம் அடித்தவர்கள், பாட்டும் தெரியும். இன்னும் நான்கு பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வருவார்கள். கூலி, சித்தாள் கூலி இல்லை, கொத்தனார் கூலி. அப்புறம், முன்வாசல் வழியாகத்தான் வருவார்கள்.

கொல்லைக்கதவு

வரட்டும். திங்கள்கிழமை காலை ஏழு மணி. டீ திண்ணையில். கடுக்காய் மொத்தமாக எங்கே கிடைக்கும்?

மார்க்கெட் மாமா

மார்க்கெட்டுக்கு வாருங்கள், நாட்டு மருந்துக் கடைக்கு நானே கூட்டிப் போகிறேன். உடைத்துக் கொட்டை எடுத்ததாகக் கேளுங்கள், முழுசாக வாங்கினால் எடை ஏமாற்றம்.

முத்தியால்பேட்டையான்

தளம் அடிக்கும்போது ஒரு நாள் நானும் வந்து பார்க்கிறேன். சும்மா பார்க்கத்தான்.